குஞ்சு மட்டும் கொடுத்தால் போதுமா?

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்ற சொலவடையைக் கேட்காமல் வளர்ந்தவர் தமிழ்நாட்டில் குறைவு. அது தாய்க்கோழியைப் பற்றிய பேச்சு. தான் அடைகாத்துப் பொரித்த குஞ்சை அது மிதித்தாலும் குஞ்சுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடைக்கே படுக்காத ஒற்றைக் கோழியின் முன்னால், எங்கிருந்தோ வாங்கிவந்த நாலு குஞ்சுகளை இறக்கிவிட்டால் நடப்பது வேறு. அது மிதிக்காது, கொத்தும். குறி பெரும்பாலும் தலைதான். பொழுது சாய்வதற்குள் நாலில் இரண்டு போய்விட்டால்கூட வியப்பில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கத்துப் பழைய நெசவாளர் வீடுகளை நினைத்துக்கொள்ளலாம். முன்கட்டில் தறி, அடுத்து சமையல், அதற்கும் பின்னால் துவைக்கிற கல், ஒரு முருங்கை, இரண்டு மூன்று கோழி மேயும் அளவுக்கு மண். 'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்பது தறிக்குழியில் கால்மிதியை ஆட்டிப் பிழைப்பவர்களை வைத்துப் பிறந்த பேச்சு. அந்த வருமானத்தோடு நாலு முட்டையும் சேர்ந்தால் பிள்ளைகளுக்கு ஆகும். அப்படி இருந்த கோழிகளில் வெள்ளைக்கழிச்சல் வந்து சில போகும், நாய் ஒன்றைத் தூக்கும், விருந்தாளிக்கு ஒன்று குழம்பாகும். கடைசியில் ஒன்று மிஞ்சும். கோழி கூட்டமாக வாழப் பிறந்த பறவை. ஒற்றையாக நின்றதும் அது ஓயாமல் கத்தும், வாசற்படி தாண்டி மனிதர் பின்னாலேயே வரும், முட்டையைக் குறைத்துக்கொள்ளும். பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்காரர் அதற்குத் துணை தேடுகிறார். நல்ல எண்ணம். அதை நிறைவேற்றுகிற அவசரத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

துணை எங்கே கிடைக்கும்? சைக்கிளில் கூடை கட்டி, பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசிய குஞ்சுகளை விற்றுக்கொண்டு வருபவரிடம் எளிதாகக் கிடைக்கும். பழைய பிளாஸ்டிக்குக்கும் இரும்புக்கும் மாற்றாகக் கொடுப்பவர்களும் உண்டு. இந்தக் கலர் குஞ்சுகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, கறியும் பிடிக்காது என்பதால் அங்கே அவற்றுக்கு விலையில்லை. தெருவுக்கு வரும்போதே வெயிலிலும் தாகத்திலும் பாதி வாடியிருக்கும். சாயம் பூசி விற்கிற இந்த வியாபாரத்தை ஊராட்சியும் மாநகராட்சியும் தடுத்து நிறுத்த வேண்டும்; குழந்தைக்கு வாங்கிக் கொடுத்து இரண்டாம் நாள் குழிதோண்டிப் புதைக்கிற பழக்கத்தில் யாருக்கும் நன்மையில்லை.

ஒற்றைக் கோழி ஏன் கொத்துகிறது? நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளை உற்றுப் பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்துவைத்தவர். 1920களின் தொடக்கத்தில் அவர் அதை ஆய்வாக எழுதினார். ஒவ்வொரு கோழிக்கூட்டத்திலும் ஒரு படிவரிசை உண்டு. மேல்படியில் இருப்பது கீழ்ப்படியில் இருப்பதைக் கொத்தலாம், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. ஒருமுறை வரிசை தீர்ந்துவிட்டால் சண்டை அடங்கி, தீனி முன்னால் ஒரு பார்வையிலேயே வேலை முடிந்துவிடும். புதிதாக யார் வந்தாலும் அந்த வரிசையை மறுபடி போட்டாக வேண்டும். வளர்ந்த இரண்டு கோழிகள் கழுத்துச் சிறகைச் சிலிர்த்து, இரண்டு குதி குதித்து, ஒன்று தலையைத் தாழ்த்தி ஓடினால் தீர்ந்தது. கைக்குள் அடங்கும் குஞ்சுக்குத் தலையைத் தாழ்த்தவும் தெரியாது, ஓடவும் கால் போதாது. கொத்துகிற கோழியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது தன் கொல்லையைக் காக்கிறது.

தாய்க்கோழியிடம் இதே மூக்கு எப்படி மாறுகிறது என்பதுதான் அதிசயம். அடையில் படுக்கும் கோழியின் உடலில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுகிறது. முட்டையிடுவது நிற்கும். தீனி குறையும், நெஞ்சுச் சிறகு உதிர்ந்து சூடு நேரே முட்டைக்குப் போகும். 21 நாள் இப்படி. கடைசி இரண்டு மூன்று நாளில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்த, வெளியே இருந்து கோழி மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும். பொரித்து வெளியே வந்த குஞ்சு முதல் ஓரிரு நாளில் தன் முன் அசையும் உருவத்தையும் குரலையும் தாயென்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங் 1873லேயே கோழிக்குஞ்சுகளிடம் இதைக் கண்டு எழுதினார். அந்தச் சில நாள் கதவு மூடிவிட்டால் பிறகு திறப்பது அரிது. இரண்டு பக்கமும் அப்படித்தான். கோழியும் சில நாளில் தன் குஞ்சுகளின் குரலையும் நிறத்தையும் பழகிக்கொண்டு, வேற்றுக் குஞ்சை விரட்டத் தொடங்கும்.

தாய் வெறும் சூடு மட்டும் கொடுப்பதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிகோலும் ஸ்டூவர்ட் போப்பும் 1990களில் செய்த சோதனையில், தின்னக்கூடாது என்று கோழி கற்றிருந்த நிறத் தீனியைக் குஞ்சுகள் தின்பதைப் பார்த்ததும், கோழி நல்ல தீனி இருந்த இடத்தில் அதிகமாகக் கொத்தியும் கீறியும் குஞ்சுகளை அழைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஆய்வு, குஞ்சுகள் மேல் லேசாகக் காற்றை ஊதியபோது பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத்துடிப்பு கூடியதைக் காட்டியது. தாய் வளர்த்த குஞ்சுகள் பின்னாளில் ஒன்றன் சிறகை ஒன்று பிடுங்குவதும் குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன. காஞ்சிபுரத்துப் பாட்டிகளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

அவர்கள் செய்தது எளிது. கோழி அடைக்கு விழுந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். பகலெல்லாம் கூட்டைவிட்டு எழாமல், கை வைத்தால் சிறகை விரித்து உறுமுகிறதா, தூக்கி வெளியே விட்டாலும் திரும்ப ஓடிப்போய்ப் படுக்கிறதா என்பதே சோதனை. கூடையில் வெயில் காலத்துக்கு மணல், மழைக்காலத்துக்கு வைக்கோல். ஒன்பதோ பதினொன்றோ முட்டை. இடி விழுந்தால் கெட்டுப்போகாமல் இருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாய் வற்றலும். இரும்புக்கும் மிளகாய்க்கும் வேலை இருக்கிறதா என்று யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. மணலுக்கும் வைக்கோலுக்கும் காரணம் வெளிப்படை. முட்டையின் எண்ணிக்கைக்கும் அப்படியே, கோழியின் சிறகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்டை குளிர்ந்துபோகும்.

நெருக்கமான தெருவில் இதில் ஒரு சிக்கல் உண்டு. முருகனுக்குச் சேவற்கொடி உண்டான கதையைச் சொல்லும் கந்தபுராணம் அரங்கேறியது காஞ்சிபுரத்துக் குமரக்கோட்டத்தில் என்பது மரபு. அதே ஊரில், விடியற்காலைக் கூவலுக்கு அஞ்சிச் சேவல் வைக்காத வீடுகள் உண்டு. சேவல் சேராத பெட்டையின் முட்டையை அடைவைத்தால் 21 நாள் கழித்துக் கூமுட்டைதான் மிஞ்சும். ஆகவே ஒற்றைக் கோழி வைத்திருப்பவர் ஒன்று சேவலுள்ள வீட்டு முட்டையை வாங்கி அடைவைக்க வேண்டும், இல்லையென்றால் அடைக்கோழிக்கடியில் வேற்றுக் குஞ்சைச் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோழி குறைந்தது இரண்டு வாரமாவது உறுதியாக அடையில் இருக்கட்டும். குஞ்சு பொரித்து ஓரிரு நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவால் அந்த இரண்டு நாள் தீனியில்லாமலும் குஞ்சு தாங்கும். பொழுது நன்றாக அடங்கியபின், விளக்கில்லாமல், சத்தமில்லாமல், ஒவ்வொரு முட்டையாக எடுத்துவிட்டு ஒவ்வொரு குஞ்சாகச் சிறகுக்கடியில் தள்ள வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. விடிகையில் சிறகுக்குள் குரல் கேட்கும், சூடு தெரியும், பெரும்பாலான கோழிகள் ஏற்றுக்கொள்ளும். விடிந்ததும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குஞ்சு வெளியே தலை நீட்டும்போது கோழி மெல்லக் கொக்கரித்தால் நல்லது. விறைத்துப் பார்த்து வேகமாகக் கொத்தினால் குஞ்சுகளை உடனே எடுத்துவிட வேண்டும். இன்னொரு இரவு முயலலாம். மூன்றாம் முறை வேண்டாம்.

அடையில் இல்லாத கோழிக்கு இந்த வழி எதுவும் உதவாது. அங்கே பொறுமை ஒன்றுதான் வழி, அதுவும் வாரக்கணக்கில். குஞ்சுகள் குறைந்தது இரண்டு, முடிந்தால் நாலு இருக்கட்டும். ஒற்றைக் குஞ்சு என்றால் கொத்து முழுவதும் அதன் மேல்தான் விழும். முதல் வாரம் அதற்குச் சுமார் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை போலக் குறைக்கலாம். கத்திரி வெயிலில் காஞ்சிபுரத்துப் பகலே அதைக் கொடுத்துவிடும். மார்கழி இரவில் ஒரு பல்பு தேவை. மூன்று நாலு வாரம் ஆனபின் கொல்லையில் பாதியைக் கோழிவலையால் மறைத்து, இந்தப் பக்கம் கோழி, அந்தப் பக்கம் குஞ்சுகள். பார்க்கலாம், தொட முடியாது. தீனித்தட்டை வலையின் இரண்டு பக்கமும் அருகருகே வைத்தால் ஒன்றாகத் தின்கிற பழக்கம் முதலில் வரும். குஞ்சுகள் எட்டுப் பத்து வாரமாகி, உருவத்தில் கோழிக்குப் பாதியாவது வந்தபிறகே வலையை எடுப்பது நல்லது. அதையும் மாலையில் மேய்ச்சல் நேரத்தில், ஆள் இருக்கும்போது செய்ய வேண்டும். குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளியோடு ஒரு பலகையோ கவிழ்த்த கூடையோ இரண்டு இடத்தில் இருந்தால் துரத்தலிலிருந்து தப்பிக்க வழியிருக்கும். நாலைந்து நாள் சின்னச் சின்னக் கொத்து இருக்கும், அதில் தலையிட வேண்டியதில்லை. ரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, காயம் ஆறும்வரை தனியே வைக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் கோழி கொத்துவதை நிறுத்தாது.

தீனியில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஓட்டுக்காக மூன்றரை சதவீதத்துக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். அதிகமானால் சிறுநீரகம் கெடும். இரண்டும் ஒரே கொல்லையில் மேயும்போது எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனத்தைப் போட்டுவிட்டு, கோழிக்கு மட்டும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். பானையில் சாணமும் ஈரச் சாக்கும் அடைத்து மண்ணில் கவிழ்த்துவைத்து மறுநாள் கறையான் எடுக்கும் பழைய வழி இன்றும் மலிவான புரதம்.

நெசவாளர் வீட்டுக்கென்றே இன்னொரு எச்சரிக்கை. தறிக்கடியில் அறுந்துவிழும் பட்டு இழையும் ஜரிகைத் துணுக்கும் குப்பையோடு கொல்லைக்குப் போகும். அது குஞ்சின் விரலில் சுற்றிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. குஞ்சு வளர வளர இழை இறுகி ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து விழுந்துவிடும். நொண்டுகிற குஞ்சைக் கோழி இன்னும் அதிகமாகக் கொத்தும். இழைக்குப்பையைத் தனி டப்பாவில் போடுவதும், வாரம் ஒருமுறை குஞ்சின் காலைத் தூக்கிப் பார்ப்பதும் பெரிய வேலையல்ல.

இதையெல்லாம் ஒரு வீட்டுக் கவலை என்று விட்டுவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சுமார் 85 கோடி கோழியினங்களில் ஏறக்குறைய 32 கோடி புறக்கடையில் வளர்பவை. அதற்கு முந்தைய கணக்கைவிட இந்தப் பிரிவு சுமார் 46 சதவீதம் கூடியிருந்தது. 12 கோடிக்கு மேல் வைத்திருந்த தமிழ்நாடு மாநிலங்களில் முதலிடம். இங்கே அரசு பல ஆண்டுகளாகவே ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கிவருகிறது. எண்ணிக்கையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், அண்மைத் திட்டங்களில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது நாலு வார வயதுக் குஞ்சு.

நாலு வாரம் என்று வைத்ததில் நியாயம் இருக்கிறது. சூடு தேவைப்படும் ஆபத்தான நாட்கள் பண்ணையிலேயே கழிந்துவிடும், முதல் தடுப்பு மருந்தும் அங்கேயே முடிந்துவிடும், சாவு குறையும். வீட்டில் கோழியே இல்லாத பெண்ணுக்கு இது சரியான வயதுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு கோழி இருந்தால் இதைவிடச் சிக்கலான வயது கிடையாது. அடைக்கோழி ஏற்றுக்கொள்ளும் நாள் தாண்டிவிட்டது. வளர்ந்த கோழியின் கொத்தைத் தாங்கும் நாள் இன்னும் வரவில்லை. தாய்க்கோழி வளர்த்த நாலு வாரக் குஞ்சு பருந்தின் நிழலுக்கு ஓடி ஒளியப் பழகியிருக்கும். பண்ணையில் பல்பின் கீழ் வளர்ந்தது, தலைக்கு மேல் வானத்தையே அன்றுதான் பார்க்கிறது. சில திட்டங்களில் கொடுத்த அசீல் குஞ்சுக்குச் சண்டைக்குணம் பிறவியிலேயே உண்டு. அதையும் ஒற்றைக் கோழியையும் ஒரே கொல்லையில் முதல் நாளே விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செத்த குஞ்சுக்குக் கணக்குக் கேட்கும்போது பழி அந்தப் பெண்மேல் விழுகிறது, பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று. பார்த்துக்கொள்ளும் முறையை அவர் கையில் யாராவது கொடுத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பயிற்சி அளிக்கும் இடம் தூரத்தில் இல்லை. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலும், பிரிவினைக்குப் பின் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருக்கும் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. நந்தனம் கோழியை உருவாக்கியதும் இதே பல்கலைக்கழகம்தான். கோழிக்கழிச்சலுக்கு ஊசியில்லாமல் தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியதும் அதுவே. அறிவு இருக்கிறது. குஞ்சுப் பெட்டியோடு அது சேர்ந்து வருவதில்லை என்பதே குறை.

கழிச்சலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ராணிக்கெட் என்று மலையூரின் பெயரைத் தாங்கியிருக்கும் இந்த நோயைத் தமிழ்நாட்டு வீடுகள் வெள்ளைக்கழிச்சல் என்றே அறியும். ஒரு கொல்லையில் எல்லாம் செத்து ஒன்று மட்டும் பிழைத்தது என்றால், அந்த மண்ணில் கிருமி சில வாரம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது. பிழைத்த கோழி நலமாகத் தெரிந்தாலும் கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கலாம். அங்கே அடுத்த வாரமே தடுப்பு மருந்து போடாத குஞ்சை விடுவது, துணை தேடுகிறோம் என்ற பெயரில் இன்னொரு சாவைக் கூப்பிடுவது. கூட்டைச் சுண்ணாம்பு தெளித்து, குறைந்தது ஒரு மாதமாவது ஆறப்போட வேண்டும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் சிறகுக்கடியில் ஊசி. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி நடத்தும் இலவச முகாம்களில் ஒற்றைக் கோழியையும் கொண்டுபோகலாம். ஒன்றுதானே என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்துவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ அடுத்த முறை குஞ்சு வழங்கும்போது விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: வீட்டில் இப்போது எத்தனை கோழி, அவற்றில் ஏதாவது அடையில் இருக்கிறதா? அடையில் இருக்கிறது என்று சொல்லும் பெண்ணுக்கு நாலு வாரக் குஞ்சுக்குப் பதிலாக அன்று பொரித்த குஞ்சைக் கொடுக்கலாம். பண்ணைக்கு நாலு வாரத் தீவனச் செலவு மிச்சம், குஞ்சுக்குத் தாய் கிடைக்கும். ஒரு குஞ்சின் செலவில் சேவலுள்ள கூட்டத்தின் முட்டைகளைக் கொடுத்தாலும் தகும். ஒற்றைக் கோழி இருக்கிறது, அடையில் இல்லை என்பவருக்குப் பத்தடிக் கோழிவலையும், ஆறு வாரம் பிரித்துவைக்கும் முறையை எளிய தமிழில் படத்தோடு அச்சிட்ட ஒரு தாளும் வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதாலேயே கிராமத் திட்டத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களின் நெசவாளர் பெண்களும் அந்தத் தாளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்க முடிய வேண்டும். வலைக்கு ஆகும் செலவு, கொத்துப்பட்டுச் சாகும் ஐந்தாறு குஞ்சுகளின் விலைக்குள் அடங்கிவிடும்.